கருத்தையாவின் முப்பத்தெட்டு ஏக்கர்

கருத்தையாவிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, "எதுக்குக் கேக்குதீங்க?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துத் தரும் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். மிளகாய் வத்தல் மூட்டையைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோகும் முன்னால் வீட்டில் ஒரு தடவை, மாவு மில் தராசில் ஒரு தடவை நிறுத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் பந்திக்கு யாராவது கையைப் பிடித்து அழைத்தால் போச்சு, நம்மிடம் இவனுக்கு என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று சாப்பாடு முடியும்வரை யோசிப்பார். பாயசத்தின் ருசிகூட அவருக்குத் தெரியாது. நாகலாபுரத்துக்கு மேற்கே நாலாவது ஊர் அவருடையது. அங்கே அவருக்கு 'எதுக்கு கருத்தையா' என்றுதான் பேர்.

சிரிக்கலாம், சிரிக்கிறவர்களுக்கு என்ன. பதினாறு வருடத்துக்கு முன்னால் காற்றாலைக்கு நிலம் வாங்க வந்த புரோக்கர் ஒருவன், கருத்தையாவிடம் இருந்த எட்டரை ஏக்கர் கரிசலில் மூன்று ஏக்கரை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கிக்கொண்டு போனான். அதற்கு அடுத்த மாதமே பக்கத்து நிலம் மூன்று மடங்கு விலைக்குப் போனது. அன்று தொடங்கிய சந்தேகம் இது. இப்போது காற்றாலை போய் சோலார் வந்திருக்கிறது. வெயிலையும் விலைக்கு வாங்க ஆள் வந்தாச்சு. வாரத்துக்கு இரண்டு கார் வந்து வரப்பு ஓரம் நிற்கிறது. கண்ணாடி போட்டவர்கள் இறங்கி, இது யார் நிலம், எத்தனை ஏக்கர், கிணறு உண்டா, பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்குது என்று நைசாக ஆரம்பிப்பார்கள். நமக்கு என்ன நெருக்கடி என்று தெரிந்துகொண்டால் போதும், விலை பாதியாக இறங்கிவிடும். அதனால் அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஒன்றைப் பழகி வைத்திருந்தார்கள். நிலத்தைப் பற்றிக் கேட்கிற அந்நியனிடம் யாரும் பஞ்சப்பாட்டுப் பாட மாட்டார்கள். வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும், "நமக்கென்னங்க குறை" என்பார்கள். கருத்தையா அதில் ஒரு படி மேலே.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். பெயர் ஜெயப்பிரியா. பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று வாங்கியவள், "நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்ப்பா" என்றாள்.

"எதுக்கு?" என்றார் கருத்தையா.

"நம்ம மூணு ஏக்கர் போச்சுல்லாப்பா. அந்த மாதிரி இனி ஒருத்தருக்கும் போகக்கூடாது. அதுக்குத்தான்."

கருத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி வெள்ளைத்தாய்க்குத் தெரியும், அவருக்குச் சந்தோஷம் வந்தால் இப்படித்தான் எழுந்து போவார் என்று.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு அவளுக்கு இடமும் கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகுதான் தொல்லையே. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டான சலுகை அவளுக்குக் கிடையாது. ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம். கருத்தையாவின் ஐந்தரை ஏக்கரில் மழை பெய்தால் உளுந்தும் வத்தலும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலமும் விளையும். பெய்த வருடத்தில் காட்டுப்பன்றி மேயும். கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், இவ்வளவு பெரிய கடனுக்கு நிலப்பத்திரத்தை வைக்கச் சொன்னார்கள். பத்திரத்தை இன்னொருவன் பீரோவில் வைத்துவிட்டு ராத்திரி தூங்குகிற ஆளா அவர்?

அதே ஊரில்தான் பூவனலிங்கமும் இருக்கிறார். அறுபது ஏக்கர், உரக்கடை, பெட்ரோல் பங்க். சோலார் கம்பெனிக்கு அந்தப் பக்கத்தில் நிலம் பிடித்துக் கொடுக்கிறவரும் அவரே. அவர் மகன் ராஜபாண்டிக்கு ஜெயப்பிரியாவை விட நூற்று நாற்பது மார்க் கம்மி. அவனும் சட்டம்தான் படிக்கப் போகிறான், ஒரு தனியார் கல்லூரியில். அப்பாவும் மகனும் காரில் போனார்கள், பணத்தைக் கட்டினார்கள், வரும் வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். உங்கள் வீட்டில் எத்தனை ஃபேன், எத்தனை கட்டில் என்று அவர்களை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஜெயப்பிரியாவைக் கேட்பார்கள். கோவில்பட்டியில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்ளும் ஓர் அறக்கட்டளை இருந்தது. பள்ளிக்கூட டீச்சர் சொல்லி அவள் அதற்கு மனுப் போட்டாள். வருமானச் சான்றிதழ், பட்டா நகல் எல்லாம் வைத்தாள். "சொல்லாமக் கொள்ளாம ஒருநாள் வந்து நம்ம நெலமையைப் பாப்பாகளாம். அவிய கேட்டா உள்ளதைச் சொல்லணும்ப்பா" என்று அப்பாவிடம் மூன்று தடவை சொல்லி வைத்தாள். கருத்தையாவும் தலையாட்டினார். ஜீப் வரும், அதில் போர்டு இருக்கும், ஃபைலோடு ஒரு ஆபீசர் இறங்கி வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்று அவர் மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாயிடம் சொல்லி வாசலில் இரண்டு வேளையும் சாணி தெளிக்க வைத்தார்.

ஆனி மாதம் பத்துத் தேதி போல இருக்கும். கருத்தையா புஞ்சையில் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு பெண் இறங்கினாள். இறங்கியதும் செல்போனில் நிலத்தைப் படம் எடுத்தாள்.

'வந்துட்டாய்யா' என்று அரிவாளைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, இது உங்க நிலமா?"

"எதுக்குக் கேக்குதீங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். மொத்தம் எத்தனை ஏக்கர் இருக்கும்?"

கருத்தையாவின் தாத்தா காலத்தில் குடும்பத்துக்கு முப்பத்தெட்டு ஏக்கர் இருந்தது. பங்கு பிரிந்து பிரிந்து அது எங்கெங்கோ போய்விட்டது. வாயில் அந்தக் கணக்குத்தான் வந்தது. "முப்பத்தெட்டு" என்றார், ஒரு இமைகூட அசையாமல்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கிணறு?"

"ரெண்டு இருக்கு. தெக்க ஒரு போரும் இருக்கு."

"பிள்ளைங்க என்ன செய்யுது?"

"ஒரு பொண்ணு. காலேஜுக்குப் போகப் போகுது."

"படிப்புச் செலவுக்கு எப்படி அண்ணாச்சி? ரொம்ப சிரமமா இருக்குமே?"

அங்கேதான் கருத்தையாவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு வந்த காற்றாலைக்காரனும் இதே மாதிரிதான், இதே கரிசனக் குரலில், 'ரொம்பச் சிரமமோ?' என்று கேட்டான். அடி சண்டாளி, எங்கே கையை வைக்கிறாள் பார். அவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"செலவா? என் மக கேட்டா அந்தக் காலேஜையே வாங்கிக் குடுப்பேன். சிரமமாம்லா சிரமம்! போங்கம்மா, போய் வேலையைப் பாருங்க."

அவள் ஒரு சின்ன அட்டையை நீட்டினாள். அந்நியர் நீட்டுகிற எந்தக் காகிதத்தையும் கருத்தையா கையால் தொடுவதில்லை. அவள் அதை வரப்பில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் கை கால்கூடக் கழுவவில்லை. நடந்ததை நடித்தே காட்டினார். காலேஜையே வாங்கிக் குடுப்பேன் என்ற இடத்தில் வெள்ளைத்தாய்கூடச் சிரித்துவிட்டாள். ஜெயப்பிரியா சிரிக்கவில்லை.

"யாரு, எங்கயிருந்து வாராகன்னு கேட்டீகளாப்பா?"

"அதை எதுக்குக் கேக்கணும்? புரோக்கருக்கு ஊர் என்ன, பேர் என்ன. அட்டை ஒண்ணு குடுத்தா, நான் தொடலையே!"

அவள் செருப்புக்கூடப் போடாமல் புஞ்சைக்கு ஓடினாள். கருத்தையாவும் பின்னாலேயே போனார். கல்லுக்கு அடியில் அட்டை அப்படியே இருந்தது. ஜெயப்பிரியா அதை எடுத்துப் படித்தாள். அட்டையில் இருந்தது அந்த அறக்கட்டளையின் பெயர். அதற்குக் கீழே, உமாதேவி, கள ஆய்வாளர்.

"வீட்டுக்கு வருவாகன்னுதானேட்டி சொன்ன?" என்றார்.

மகள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் அந்த அட்டையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் நாள் செல்போனுக்குத் தகவல் வந்தது: குடும்பம் வசதியானது, மனு ஏற்கப்படவில்லை. கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அப்பாவும் மகளும் கோவில்பட்டிக்குப் போனார்கள். அறக்கட்டளை ஆபீஸில் அதே உமாதேவி உட்கார்ந்திருந்தாள்.

கருத்தையா பட்டாவை மேசையில் விரித்தார். "அஞ்சரை ஏக்கர்தாம்மா. கிணறும் கிடையாது, போரும் கிடையாது. அன்னைக்கு உங்களை நிலம் வாங்க வந்த ஆளுன்னு நினைச்சுட்டேன்."

உமாதேவி பட்டாவைப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கருத்தையா பஸ் சீட்டைப் பார்ப்பாரே, அதே மாதிரி.

"மிச்ச முப்பத்திரெண்டரை யார் பேர்ல இருக்கு அண்ணாச்சி?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்லைம்மா!"

"பட்டாவைப் பிரிச்சு மச்சான் பேர்ல, மாமியார் பேர்ல எழுதி வச்சுட்டு எத்தனை பேர் வாராங்க தெரியுமா? வருமானச் சான்றிதழ் எல்லார்கிட்டயும்தான் இருக்கு. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா, நான் எதை நம்புறது?"

வாழ்நாள் முழுக்க ஊரையே சந்தேகப்பட்ட மனிதருக்கு, தன்னை ஒருத்தர் சந்தேகப்பட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. மகளைப் பார்த்தார். அவளுக்கும் தெரியாத ஒன்றை அன்றைக்குச் சொன்னார்.

"புரோக்கர் ஏமாத்திட்டான்னு ஊர்ல சொல்லுதாகளே, அது முழுசும் நெசம் இல்லம்மா. ஏமாந்தது என் வாயாலதான். எங்க அய்யாவுக்கு மதுரையில ஆபரேசன். வந்தவன் தண்ணி கேட்டான், குடுத்தேன். என்ன அண்ணாச்சி முகம் வாடியிருக்குன்னு கேட்டான். ஒரு மனுசன் கேக்கானேன்னு, நாளைக்குள்ள பணம் கட்டணும்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அழுதுகூடப் போட்டேன். மறுநாள் அவன் சொன்னதுதான் விலை. இல்லாமையைச் சொன்னதுக்கு மூணு ஏக்கர் குடுத்தவன்மா நான். அதுக்கப்புறம் யார்கிட்டயும் அதைச் சொல்லல. நீங்க கேட்டதும் எனக்கு அவன் குரல்தான் கேட்டுச்சு."

ஜெயப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். உமாதேவி பட்டாவை மடித்துக் கருத்தையாவிடமே நீட்டினாள். பாவம், அவளும் மனுஷிதான்.

"நான் நம்புறேன் அண்ணாச்சி. ஆனா நான் நம்பினா பத்தாது, கமிட்டி இருக்கு. முப்பத்தெட்டுன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். உங்க ஊர்ல பூவனலிங்கம்னு ஒருத்தர் இருக்காருல்லா? எங்களுக்கு வருசா வருசம் நன்கொடை தாராரு. இவருக்கு வசதி இல்லைன்னு அவர் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா கமிட்டி தட்டாது. ஒவ்வொரு வருசமும் அதைப் புதுப்பிக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எந்த மனிதரிடம் தன் இல்லாமையை மறைக்கப் பதினாறு வருடம் பாடுபட்டாரோ, அவரிடமே போய் எழுத்தில் வாங்கி வரச் சொல்கிறார்கள். இல்லாதவன் இல்லை என்று சொன்னால் செல்லாது. இருக்கிறவர் வந்து, ஆமாம், இவனிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போது கருத்தையா சீட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

பூவனலிங்கம் உரக்கடையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "ஏ கருத்தையா, முப்பத்தெட்டா! ஏய்யா, என்னையே மிரட்டிட்டியே!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பேனாவை வாங்கி, எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். "பிள்ளை நல்லாப் படிக்கட்டும்" என்று வாழ்த்திக் காபிக்கும் சொன்னார்.

கருத்தையா காபியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வில்லங்கம் என்று தேடினார். தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. சே, நல்ல மனுசரைப் போய் இத்தனை வருடமாகத் தப்பாக நினைத்தோமே என்று நினைத்தார். அந்த நினைப்பு முழுதாக ஒரு வருடம் இருந்தது.

ஜெயப்பிரியா சென்னைக்குப் போனாள். முதல் வருடம் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள். போனில் பேசும்போது, கிரயம், ஒப்பந்தம், வில்லங்கச் சான்று என்று அவள் பேசுவதைக் கேட்டு வெள்ளைத்தாய், "எம்மா, இது உங்க அப்பாவை விட மோசமா இருக்கே" என்றாள். கருத்தையாவுக்குப் பெருமையில் தரையில் கால் பாவவில்லை.

மறு ஆனியில் புதுப்பிக்கிற படிவம் வந்தது. கருத்தையா அதை எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனார். இந்தத் தடவை கடையில் வேறு யாரும் இல்லை. பூவனலிங்கம் பேனாவை வாங்கினார். மூடியைத் திறக்கவில்லை.

"உக்காருய்யா. உன் புஞ்சையைச் சுத்தி மூணு பக்கமும் சோலார் பலகை நட்டாச்சு, பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"கம்பெனிக்காரன் என் உயிரை எடுக்கான். நடுவில உன் அஞ்சரை ஏக்கர் முள்ளுக்காடா நிக்குதாம். மொத்தமாக் குடுன்னு நான் கேக்கல. உன் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனசு வருமா? இந்த வருசம் ஒரு ஏக்கர். அடுத்த வருசம் பாப்போம்." அவர் ஒரு விலை சொன்னார். பதினேழு வருடத்துக்கு முன்னால் காற்றாலைக்காரன் சொன்னதை விட அது ஒன்றும் அதிகமில்லை.

"அது... ரொம்பக் கம்மியா இருக்கே அண்ணாச்சி."

"முப்பத்தெட்டு ஏக்கர்க்காரனுக்கு ஒரு ஏக்கர் எல்லாம் ஒரு கணக்கா?" என்று பூவனலிங்கம் சிரித்தார். சிரிப்பு நின்றதும், "படிப்பு இன்னும் எத்தனை வருசம்?" என்று கேட்டார்.

"நாலு."

"நாலு கையெழுத்து" என்றார் அவர். பேனா மேசையில் கிடந்தது.

பாவம் கருத்தையா. எல்லாரையும் சந்தேகப்பட்டவர், ஒரே ஒரு ஆளை ஒரே ஒரு வருடம் நம்பினார், அதற்கு இது. நாலு கையெழுத்துக்கு நாலு ஏக்கர் போனால் மிச்சம் ஒன்றரை. எழுந்து போய்விட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. போனால், ஜெயப்பிரியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவாள். புதியம்புத்தூரில் ஏதாவது ஒரு துணி கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கப் போவாள். கருத்தையா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆவணியில பதிவு வச்சுக்கிடலாம் அண்ணாச்சி" என்றார்.

பூவனலிங்கம் மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டார். காபிக்கும் சொன்னார்.

வெளியே வந்து கடைக்கு எதிரே வேம்பு நிழலில் நின்றபோது போன் அடித்தது. ஜெயப்பிரியாதான்.

"கையெழுத்துப் போட்டாராப்பா?"

"போட்டாரும்மா."

"ஏதாவது கேட்டாரா?"

"என்னத்தைக் கேக்கப் போறாரு? காபி குடுத்து, நல்லாப் படிக்கச் சொன்னாரு. பூவனலிங்கம் அண்ணாச்சி நல்ல மனுசன்ட்டி."

போனில் ஹாஸ்டல் பிள்ளைகள் ஏதோ பேசிச் சிரிப்பது மட்டும் தூரத்தில் கேட்டது.

"ப்பா" என்றாள். "நான் பிறந்ததுல இருந்து நீங்க ஒருத்தரை நல்ல மனுசன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. எத்தனை ஏக்கர் கேட்டாரு?"